எதிராளிக்குச் சொல்லிக்கொடுத்த பதில்

27-1-2003, திங்கள்

காலையில் மேரிக்கு ஊசி. வழக்கம்போல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எட்டு வருடமாகத் தினமும் நான்தான் போடுகிறேன், இன்னும் ஊசியைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்கிறாள். பொங்கலுக்கு மகள் மெரின் சென்னையிலிருந்து வந்தபோது மூன்று பேரும் நோணாங்குப்பத்தில் படகு ஏறினோம். அன்றைக்குப் புதுச் செருப்பு கடித்த இடம், வலது கால் சுண்டுவிரல், இன்னும் ஆறவில்லை. சர்க்கரைக்காரிக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்த புத்திசாலி நான்.

அச்சகத்தில் இன்று முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. மேலே பிள்ளையார், கீழே முருகன் துணை. முத்தியால்பேட்டையில் என்னைப்போல் சாமி படம் அச்சடித்த நாத்திகன் வேறு எவனும் இருக்க மாட்டான். பேர் வேறு கோவிந்தசாமி. மேடையில் எவனாவது அதைக் கிளறினால், “பேரு எங்கப்பா வெச்சது, மூள நான் வெச்சிக்கிட்டது” என்பேன். கைதட்டுவார்கள்.

சாயங்காலம் இராமதாஸ் வந்தார். எங்கள் பகுத்தறிவு வாசகர் வட்டத்தின் செயலாளர். மாதாமாதம் மூன்றாம் ஞாயிறு நாங்கள் நடத்தும் வாதுமேடைக்கு எதிராளி கிடைத்துவிட்டாராம். அடுத்த மாதத் தலைப்பு, ஜெபம் வியாதியைக் குணமாக்குமா என்பது. தனிஸ்லாஸ். மின்துறையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் சாரம் பகுதியில் தன் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். மேரி தவறாமல் போகிற கூட்டம்.

“வேற ஆளே கெடைக்கலையா?” என்றேன்.

“ஏன் தோழரே, பயமா?” என்று கேட்டுவிட்டார் மனுஷன். பயமா, எனக்கா? ஒப்புக்கொண்டேன்.

2-2-2003, ஞாயிறு

மேரி சர்ச்சில் பூசைக்குப் போய் வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் சொன்னாள்: “அவரு நல்ல மனுஷருங்க. நாலு பேரு முன்னாடி அவர அசிங்கப்படுத்திடாதீங்க. நான் கேக்கறது அவ்ளோதான்.”

வாதம் வேறு, மனிதர் வேறு என்றேன். “உங்களுக்கு வேற. எங்களுக்கு?” என்றாள்.

எங்கள் மேடையில் நடுவர் கிடையாது. மணி அடிப்பதற்குள் யாருக்குப் பதில் இல்லையோ அவர் தானாக எழுந்து எதிராளிக்குத் துண்டு போட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே இதுதான் வழக்கம். நான் இதுவரை யாருக்கும் போட்டதில்லை. எனக்கு விழுந்த துண்டெல்லாம் வீட்டு அலமாரியில் அடுக்கி இருந்தது. மேரி ஒவ்வொன்றாகக் கிழித்துக் கரித்துணி ஆக்கிக்கொண்டிருக்கிறாள். நெசவு நல்லா இருக்குது, சூடு தாங்குது என்கிறாள்.

11-2-2003, செவ்வாய்

தனிஸ்லாஸ் என்ன பேசுவார் என்று மேரியிடம் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டேன். ஜெபம் பண்ணு, டாக்டர்கிட்டயும் போ — இதுதான் அவர் சொல்வதாம். சங்கடம். இப்படி நடுவில் நிற்கிற ஆளை அடிக்க முடியாது. ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஓரத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் அவரே விழுந்துவிடுவார். இந்த வித்தையில் எனக்கு நல்ல பழக்கம்.

16-2-2003, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

வாதுமேடை நடக்கும் சங்கக் கட்டட மாடி நிரம்பி, படியிலும் ஆட்கள். தனிஸ்லாஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, “போன்ழூர் முசியே கோவிந்தசாமி” என்று கை கொடுத்தார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வாசனை போகவில்லை. முதலில் அவர் பேச்சு. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே பேசினார். ஜெபமும் வேண்டும் மருந்தும் வேண்டும் என்றபோது எங்கள் ஆட்களே தலையாட்டினார்கள்.

என் முறை வந்தது. “ஆண்டவர் தொட்டா கொணமாவும்னு சொல்றீங்க. அப்ப உங்க மூக்குல எதுக்குக் கண்ணாடி?” சிரிப்பு. “தலவலிக்கு மாத்திர போடுவீங்களா?” போடுவேன் என்றார். “போடும்போது உங்க விசுவாசம் எங்க இருக்கும், சட்டப் பையிலயா?” பெரிய சிரிப்பு. “பாதி விசுவாசம்னு ஒண்ணு உண்டா? சுத்தி வளைக்காதீங்க, ஒரே வார்த்தையில சொல்லுங்க. முழுசா நம்பறவனுக்கு மருந்து வேணுமா, வேணாமா?”

அவருக்கு வேர்த்துவிட்டது. முன்வரிசையில் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேரியும்தான். இராமதாஸ் மணி அடிக்கக் கையை ஓங்கினார். தனிஸ்லாஸ் கத்திவிட்டார்: “வேணாம்! முழு விசுவாசம் இருந்தா மருந்து வேணாம்!”

வந்துவிட்டார் ஓரத்துக்கு. “அப்ப உங்க கூட்டத்துல இருக்கற சர்க்கரக்காரங்க எல்லாம் நாளைக்கே ஊசியத் தூக்கிப் போடட்டும். பாக்கலாம்!” என்றேன்.

கைதட்டல் அடங்கவே இல்லை. தனிஸ்லாஸ் எழுந்து வந்து எனக்குத் துண்டு போட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது மேரியின் நாற்காலி காலி.

சர்க்கரை என்று ஏன் சொன்னேன்? வேறு வியாதியே இல்லையா உலகத்தில்? வாய்க்கு வந்தது, சொல்லிவிட்டேன்.

17-2-2003, திங்கள்

காலையில் ஊசியோடு போனேன். மேரி கையை நீட்டவில்லை.

“வேணாங்க.”

“ஏன்?”

“நீங்கதான சொன்னீங்க, தூக்கிப் போடட்டும் பாக்கலாம்னு. பாருங்க.”

கோபம், ரெண்டு நாளில் போய்விடும்.

20-2-2003, வியாழன்

போகவில்லை. பிரிட்ஜில் மருந்துப் புட்டி வைத்தது வைத்தபடி இருக்கிறது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறாள்.

22-2-2003, சனி

இன்று உட்கார வைத்துப் பேசினேன். மருந்து வேண்டாம் என்று உன் வேதத்தில் எங்கே இருக்கிறது, உன் பாதிரியார் மருந்து சாப்பிடவில்லையா, உங்கள் கன்னியாஸ்திரிகளே ஆஸ்பத்திரி நடத்துகிறார்களே, அது எதற்கு? மடக்கி மடக்கிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள்:

“எங்கிட்டயும் ஜெயிச்சிட்டீங்க. போதுமா? அன்னிக்கு உங்க கூட்டம் சிரிச்சது அவரப் பாத்துன்னு நெனைக்கிறீங்களா? மொத வரிசையில ஒக்காந்திருந்த நான் சர்க்கரக்காரின்னு பாதி முத்தியால்பேட்டைக்குத் தெரியும். என்னப் பாத்துதாங்க சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.”

நான் சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

25-2-2003, செவ்வாய்

வெட்கத்தை விட்டுத் தனிஸ்லாஸுக்கு ஆள் அனுப்பினேன். பாவம், விஷயம் கேட்டு முகம் வெளிறி ஓடி வந்தார். “அக்கா, நான் ஏதோ ரோஷத்துல ஒளறிட்டேன். ஊசி போட்டுக்குங்கக்கா. ஆண்டவர் டாக்டர் மூலமாவும் கொணப்படுத்துவாரு” என்று மன்றாடினார்.

மேரி அவர் பக்கம் திரும்பினாள். “மேடையில ஒண்ணு சொன்னீங்க. இவரு வீட்டுக்கு வந்து வேற சொல்றீங்க. இவருக்கு பயந்துட்டீங்களா தம்பி?” என்றாள்.

அவருக்கு வைத்த காப்பி ஆறிப்போனது.

நான்தான் அவரை அந்த வார்த்தைக்குத் தள்ளினேன். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத வார்த்தையை நெருக்கி நெருக்கிப் பிடுங்கி, என் பெண்டாட்டி கையில் கொடுத்திருக்கிறேன்.

5-3-2003, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு நொண்டிக்கொண்டே வந்தாள். தபசுகாலம், ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும், ஒருவேளை சாப்பாடாம். சுண்டுவிரல் கறுத்துவிட்டது. கட்டுப் பிரித்தால் நாற்றம். எழுதவே கை வரவில்லை.

7-3-2003, வெள்ளி

அவள் வர மறுத்ததால் நான் மட்டும் டாக்டரிடம் போனேன். “அந்த வெரலு போச்சுன்னே வெச்சிக்குங்க. சர்க்கர எறங்கலைன்னா காலு. அப்புறம் உசுருக்கே நான் உத்தரவாதம் இல்ல. நீங்க எவ்ளோ பேசறவரு, வீட்டுல ஒரு பொம்பளைக்குச் சொல்ல முடியலையா?”

முடியல சார். முடியல.

8-3-2003, சனி

மெரின் வந்திருக்கிறாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேரி அவள் தலையைத் தடவி, “அழாத. ஆண்டவர் பாத்துக்குவாரு” என்கிறாள். அசைந்து கொடுக்கவில்லை.

சமையலறையில் மெரின் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள்: “அப்பா, ஒரே ஒரு கேள்வி. அந்த மேடையில நீங்க தோத்திருந்தா என்ன கொறஞ்சி போயிருப்பீங்க?”

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். தட்டைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

9-3-2003, ஞாயிறு

மத்தியானம் அசந்து தூங்கினாள். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கை எலும்பாக இருக்கிறது. எங்கே குத்துவது என்று பார்க்கும்போதே கண்ணைத் திறந்துவிட்டாள்.

“திருட்டுத்தனமா போட்டீங்க, அப்புறம் இந்த வூட்ல பச்சத்தண்ணி தொட மாட்டேன்.”

கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதேன். சத்தம் வராமல் இருக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன். தனிஸ்லாஸ் போட்ட துண்டு அது.

கும்பிடுவதற்குக்கூட எனக்கு ஒருத்தரும் இல்லை. இருந்தால் இன்று கும்பிட்டிருப்பேன். இதை எழுத வெட்கமாக இல்லை.

10-3-2003, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துபோய், மெரின் பழைய மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது.

எங்களுக்குக் கல்யாணமான புதிது, எழுபத்து நாலு. தாலி இல்லை, பூசை இல்லை, மாலை மாற்றிக்கொண்ட கல்யாணம். அவள் வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அப்படி வந்தவள், சாப்பிடுமுன் சிலுவை போடுவதை மட்டும் விடவில்லை. ஒருநாள் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது, கண்ணெல்லாம் தண்ணீராக ஊதிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல், “சாப்பாடு குடுக்கறது ஒன் ஆண்டவர்தான? அப்ப அடுப்ப எதுக்குப் பத்த வைக்கிற?” என்றேன்.

தலையைத் திருப்பாமலே சொன்னாள்: “அவரு குடுக்கறாருன்னுதாங்க பத்த வைக்கிறேன். குடுக்க மாட்டாருன்னா எதுக்கு ஊதிக்கிட்டுக் கெடக்கறேன்? சும்மா படுத்துக் கெடக்கலாமே.”

“கொழம்புல உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

இந்தப் பதிலைத் தனிஸ்லாஸ் அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் செத்தேன்.

சொல்லியிருந்தால் — இப்போது சொன்னால்?

11-3-2003, செவ்வாய்

சாரத்துக்குப் போனேன். தனிஸ்லாஸ் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு மறுபடியும் மேடை. அதே கேள்வியை நான் கேட்பேன். நீங்கள் இந்த அடுப்புப் பதிலைச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் நான் தோற்கிறேன். அதே மேடையில் நீங்கள் ஜெயித்து, மருந்தும் ஆண்டவர் கொடுப்பதுதான் என்று சொன்னால் மேரி கேட்பாள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

“நாடகம் ஆடச் சொல்றீங்களா? அது பாவம் முசியே” என்றார்.

“தனிஸ்லாஸ், ஒங்க கால்ல வேணா வுழறேன்.”

பதறிப்போய் என் தோளைப் பிடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “இந்தப் பதில நான் மனசார நம்பறேன். அதனால எனக்கு இது நாடகம் இல்ல. உங்களுக்குத்தான் நாடகம். தாங்குவீங்களா?”

தாங்குவேன் என்றேன். யார் சொன்ன பதில் இது என்று கேட்டார். ஒரு எதிராளி சொன்னது, எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை என்றேன்.

13-3-2003, வியாழன்

இராமதாஸுக்கு ஒரே குஷி. “ஒரு தடவ அடிச்சது பத்தலையா தோழரே?” என்கிறார். அறிவிப்பை நானே அச்சடித்தேன். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார், போட்டேன்.

மேரி வரமாட்டேன் என்கிறாள். மெரின் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

16-3-2003, ஞாயிறு

வந்தாள். மெரினும் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இருவரும் தாங்கிப் பிடித்து மாடி ஏற்றினார்கள். காலைத் துணியால் சுற்றியிருந்தாள். அதே முன்வரிசை.

அதே கேள்வியைக் கேட்டேன். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் கண்டுபிடித்துவிடுவாள். “மருந்து சாப்படறவன் சந்தேகப்படறவன். ஒத்துக்குங்க!” என்று மேசையைத் தட்டினேன். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

தனிஸ்லாஸ் அவசரப்படாமல் எழுந்தார். “முசியே கோவிந்தசாமி, தெனம் எங்களுக்குச் சாப்பாடு குடுக்கறது ஆண்டவர்னு நம்பறோம். ஆனா அடுப்பு பத்த வைக்கிறோம். ஏன் தெரியுமா? அவரு குடுக்கறாருன்னுதான் பத்த வைக்கிறோம். குடுக்க மாட்டாருன்னா எதுக்கு ஊதிக்கிட்டுக் கெடக்கணும்? ஊசியும் எங்களுக்கு அப்படித்தான். போன மாசம் நான் கோவத்துல சொன்னது தப்பு. அத இந்த மேடையிலயே வாபஸ் வாங்கறேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் நாக்கில் குறுக்குக் கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. அடுப்பு பற்ற வைக்காத பட்டினிக்காரனுக்கு யார் கொடுப்பது என்று கேட்டிருக்கலாம். ஏதோ ஒன்றைக் கேட்டுச் சிரிக்க வைத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் பதில்? இப்போது யோசித்தாலும் அது குறுக்குக் கேள்விதான், பதில் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு நின்றேன். இராமதாஸ், “தோழரே, தோழரே” என்று கிசுகிசுத்தார். மணி அடித்தது.

எழுந்து போய்த் தனிஸ்லாஸுக்குத் துண்டு போட்டேன்.

எங்கள் ஆட்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கிப் போனார்கள். இராமதாஸ் மட்டும் படியில் மடக்கினார். “இன்னா ஆச்சு உங்களுக்கு?”

“பதில் இல்ல.”

“உங்களுக்கா?” என்றார். காறித் துப்பாத குறை.

வீட்டுக்கு வந்ததும் மேரி நேராகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

17-3-2003, திங்கள்

ஊசி எடுத்துப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

18-3-2003, செவ்வாய்

இன்றும் இல்லை. காய்ச்சல் வேறு. மானம் போனது, வட்டம் போனது, அதெல்லாம் போகட்டும். அவள் போய்விடுவாள் போலிருக்கிறது. நான் என்னதான் செய்யட்டும், யாரிடம் போய்ச் சொல்லட்டும்?

19-3-2003, புதன்

மெரின் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். மேரி எழுந்து உட்கார்ந்து கூப்பிட்டாள்.

“அந்த அடுப்புப் பேச்சு யாரு சொன்னது?”

“தனிஸ்லாஸ்தான். நீயும்தான கேட்ட.”

“தனிஸ்லாஸ் என்னிக்கு அடுப்பு ஊதினாரு? அவங்க வூட்ல அவருக்குத் தண்ணி எடுத்துக் குடிக்கவே தெரியாது.” மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “அது நான் சொன்னது. நம்ம ரெண்டு பேரத் தவிர அப்ப அங்க ஈ காக்கா இல்ல. மூணு நாளா யோசிச்சிக்கிட்டே இருக்கறேன். இத்தன வருஷம் ஞாபகம் வெச்சிருந்தீங்களா?”

“இருந்துச்சு மேரி.”

“கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லிட்டு எழுந்து போனீங்க.”

“உப்பு சரியாத்தான் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும், நான் ருசி பாத்துட்டுதான் வெச்சேன்.” என்னை முறைத்தாள். “அப்ப நீங்க தோத்தது எங்கிட்ட. எதுக்கு அந்த மனுஷனுக்குப் போய்த் துண்டு போட்டீங்க?”

ஓடினேன். அலமாரியில் கிழிபடாமல் ஒரே ஒரு துண்டு பாக்கி இருந்தது. உதறிக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டேன். எனக்குக் கண் தெரியவில்லை, ஒரு பக்கம் நழுவியது. அவளே இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

அப்புறம் கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். “ம், போடுங்க.”

போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்த விரலை எடுத்துவிடுவார்கள், அதற்கு மேலும் எடுக்க வேண்டி வரலாம் என்றேன். “எடுக்கட்டும். இனிமே செருப்பு வாங்கனா என்னயும் கடைக்கு இட்டுக்கினு போங்க” என்றாள். கடையிலிருந்து வந்த மெரின் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். அந்தத் துண்டைக் கொடு, மடித்து வைக்கிறேன் என்று கேட்டேன், தரவில்லை. போட்டுக்கொண்டேதான் ஆட்டோவில் ஏறினாள்.